நம்மைப் பற்றிய ஆராய்ச்சி நம் கைக்கு எட்டுமா?

வழக்காடப் போகும் வக்கீல் எவரும் முன் தீர்ப்புகளைத் தேடிப் பாராமல் கோர்ட்டுப் படி ஏறுவதில்லை. கட்சிக்காரருடைய வழக்கு ஒரு வரப்புத் தகராறேயாயினும், அவ்விஷயத்தில் சென்னை ஹைகோர்ட்டார் முன்னர் என்ன கூறினர், அதைச் சுப்ரீம் கோர்ட்டார் பின்னர் ஏற்றனரா, தள்ளினரா என்பதை அறிந்த பின்னரே அவர் வாய் திறப்பார். இது வக்கீலுடைய சாமர்த்தியத்தால் மட்டும் கைகூடுவதன்று. 1875-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றின் பேரில் இந்தியத் தீர்ப்புத் தொகுதிகள் வெளிவரத் தொடங்கின. 1891-இல் மதராஸ் லா ஜர்னல் பிறந்தது. அவற்றுக்குப் பொருளகராதிகளும் சுருக்கத் தொகுப்புகளும் இடைவிடாமல் அச்சாகி வந்தன. நீதிபதி ஒருவர் என்றோ எழுதிய தீர்ப்பை நூறு வருஷங்களுக்குப் பின் நாங்குநேரிக் கோர்ட்டில் நிற்கும் இளம் வக்கீல் கண்டெடுக்கக் கூடுமாயின், யாரோ சிலர் அதைத் தேடுவதற்கு ஏற்றவாறு அடுக்கி வைத்ததே அதற்குக் காரணம்.

தீர்ப்புக்கு நாம் செய்திருக்கும் இந்த உபசாரத்தை ஆராய்ச்சிக்கு இன்னும் முழுமையாகச் செய்யவில்லை. டாக்டர் பட்டம் பெற விரும்பும் ஒருவர் மூன்று, நான்கு, சில சமயம் ஏழெட்டு வருஷங்கள் ஒரே விஷயத்தில் உழைத்து ஓர் ஆய்வேடு எழுதுகிறார். கேள்வித்தாளுடன் வீடு வீடாக நடக்கிறார், குளத்து நீரைச் சோதிக்கிறார், கல்வெட்டுக்களைப் படியெடுக்கிறார். பரீட்சகர்கள் படித்து ஒப்புகின்றனர், வாய்மொழித் தேர்வு நடக்கிறது, பட்டம் கிடைக்கிறது. அதன்பின் அந்நூல் சர்வகலாசாலை நூலகத்தில் ஓர் அலமாரியைப் போய்ச் சேர்கிறது. எந்த ஜனங்களைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்கள் பெரும்பாலும் அதன் பெயரையும் கேள்வியுறுவதில்லை. ஆராய்ச்சியாளர் பெற்ற உபகாரச் சம்பளம், அவருக்கு வழிகாட்டிய ஆசிரியரின் ஊதியம், அவர் உபயோகித்த கருவி யாவும் பெரும்பான்மையும் ஜனங்களின் வரிப்பணத்தினின்று வந்தவை. விலை கொடுத்தவன் கைக்குச் சரக்கு வந்து சேராதிருப்பது வியாபார தர்மமும் ஆகாது. ராஜ தர்மமும் ஆகாது.

ஒரு குளம், பல சாஸ்திரங்கள்

நாங்குநேரித் தாலூகாவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வானமாமலைப் பெருமாள் கோயிலாலும் மடத்தாலும் வைஷ்ணவ உலகம் முழுவதும் அறிந்த ஊர் இது. ஆனால் இங்குள்ள குடியானவனுக்கு நித்திய விசாரம் தண்ணீரைப் பற்றியது. தாமிரபரணிக் கால்வாய்கள் நனைக்கும் அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்களைப் போன்றதன்று இந்தப் பூமி. மேற்கு மலையிலிருந்து இறங்கும் சிறு நதிகளையும் ஓடைகளையும், அவற்றைத் தேக்கும் குளங்களையும், 1950-களில் கட்டப்பட்ட மணிமுத்தாறு அணையின் பிரதானக் கால்வாய் நீரையும் நம்பியே இங்குப் பயிர் நடக்கிறது. குளம் நிறைந்தால் நெல்லும் வாழையும். நிறையாவிட்டால் மனுவும் மறியலும்.

கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஒரு கிராமத்தார் மனு எடுத்துச் செல்வதாக வைத்துக்கொள்வோம். குளம் தூர்ந்துவிட்டது, வரத்துக்கால் அடைபட்டது, கிணற்று நீர் உப்பாகிவிட்டது என்று எழுதியிருப்பார்கள். எவ்வளவு தூர்ந்தது, எந்த வருஷத்திலிருந்து, எத்தனை கிணறுகளில் உப்பு, சோதித்தவர் யார் என்று அதிகாரி திருப்பிக் கேட்டால் மனுதாரர் விழிப்பார். அவர் சொல்வது உண்மையாயிருக்கும். ஆனால் அளவு இராது. அந்த அளவை வேறொருவர் முன்னரே எடுத்து, அட்டவணை போட்டு, பட்டமும் வாங்கியிருக்கலாம். அஃது எங்கே இருக்கிறது என்பதே கேள்வி.

அதைத் தேடுவோன் ஒரே அலமாரியில் தேடிப் பயனில்லை. பாசனத்தின் பூர்வ கதையைச் சரித்திரத் துறையில் தேட வேண்டும். நிலத்தடி நீரின் உப்பைப் பூகர்ப்ப சாஸ்திரத்திலும், மண்ணின் சத்தை விவசாய சாஸ்திரத்திலும், மடை, மறுகால் முதலியவற்றின் கணக்கை ஸிவில் என்ஜினீயரிங்கிலும் காண வேண்டும். மீனும் பறவையும் பிராணி சாஸ்திரத்தில். நீர்ப்பூண்டுகள் தாவர சாஸ்திரத்தில். வாழைத்தார் வியாபாரம் வணிகவியலிலும் பொருளாதாரத்திலும். பாசனச் சங்கங்களின் சச்சரவு சமூகவியலில். குளத்தங்கரைத் தெய்வங்களின் கதை தமிழ்த் துறையிலும் நாட்டார் வழக்காற்றியலிலும். குளம் ஒன்றுதான், அதைப் பங்கிட்டுக்கொண்ட சாஸ்திரங்கள் பல. ஒரு துறையார் எழுதியதை அடுத்த துறையாரே அறியாதபோது மனுதாரர் அறிவதெங்ஙனம்?

இத்தாலூகாவிலுள்ள கூந்தன்குளம் 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கு வந்திறங்கும் நாரையைப் பற்றி ஒருவர் பிராணி சாஸ்திர ஆய்வேடு எழுதினால், குளத்தில் எந்த மாதத்தில் எவ்வளவு நீர் நின்றது என்பதையும் அவர் குறித்தாக வேண்டும். நாரையைத் தேடாத விவசாயி அந்தக் குறிப்பை ஒரு நாளும் காணமாட்டான். 1988-இல் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம் ஏற்பட்டது. புலியைப் பற்றியும் காட்டைப் பற்றியும் எழுதுவோர் மலையடிவாரக் கிராமத்தாரின் விறகையும் மேய்ச்சலையும் பற்றி எழுதாமல் இருக்க இயலாது. தலைப்பை மட்டும் பார்த்துத் தள்ளுவோர் உள்ளே கிடக்கும் தானியத்தை உமியென்று எறிகின்றனர்.

கடல் கடந்த ஏடுகள்

மற்றொரு சங்கடமும் உண்டு. நம் ஜில்லாவைப் பற்றிய முக்கியமான ஆய்வேடுகளிற் சில அயல் தேசத்துச் சர்வகலாசாலைகளுக்கு எழுதப்பட்டவை. டேவிட் லட்டன் என்ற அமெரிக்கர் 1978-இல் பென்சில்வேனியா சர்வகலாசாலைக்குச் சமர்ப்பித்த ஆய்வேடு, கி.பி. 800 முதல் 1900 வரை திருநெல்வேலி ஜில்லாவின் விவசாய அமைப்பைப் பற்றியது. அந்த ஆராய்ச்சி வளர்ந்து 1985-இல் பிரின்ஸ்டன் சர்வகலாசாலை அச்சகத்தின் வாயிலாக நூலாயிற்று. ஆற்றுப் பாசனத்து நன்செய், மழையை நம்பிய புன்செய், குளங்களும் கிணறுகளும் கலந்த நடுத்தர நிலம் என்று ஜில்லாவை மூன்றாகப் பிரித்து, நிலம் மாறும்போது ஜாதிகளின் பலமும் வரியின் பாரமும் எவ்வாறு மாறின என்பதை அவர் விளக்குகிறார். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1980-இல் கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயம், நம் தெற்குச் சீமையின் வில்லுப்பாட்டு. நாடார் சமூகத்தின் எழுச்சியைப் பற்றி ராபர்ட் ஹார்ட்கிரேவ் எழுதிய நூல் 1969-இல் கலிபோர்னியாவில் அச்சாயிற்று.

இலங்கைத் தமிழறிஞர்களின் கதையும் இதை ஒத்ததே. க. கைலாசபதி தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றி எழுதிய ஆய்வேட்டுக்குப் பட்டம் அளித்தது இங்கிலாந்திலுள்ள பர்மிங்ஹாம் சர்வகலாசாலை. 1968-இல் அதை நூலாக்கியது ஆக்ஸ்போர்டு. நாங்குநேரிக்குத் தெற்கே உள்ள வடக்கன்குளத்துப் பள்ளிக்கூடத்தில் 1940-களில் ஆசிரியராயிருந்து அங்கேயே தமிழை ஆழ்ந்து கற்ற தனிநாயகம் அடிகள், பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சங்கப் பாட்டில் இயற்கை என்னும் விஷயத்தை ஆராய்ந்தார், அதுவும் நூலாயிற்று. இவை யாவும் அச்சுக்கு வந்தமையால் உலகம் அறிந்தது. அச்சுக்கு வாராதவை எத்தனையோ.

அந்நிய நாட்டு அறிஞர்களுக்கு நாம் நன்றி பாராட்டக் கடமைப்பட்டவர்கள். அவர்கள் நம் பாஷையைக் கற்று, நம் வெயிலில் நடந்து, நம் ரிகார்டுகளைப் புரட்டினர். ஆயினும், 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி நிறுவிய ஜில்லா, தன் குளங்களின் சரித்திரத்தை அறிவதற்குப் பிலடெல்பியாவை எதிர்பார்த்திருப்பது பொருத்தமன்று. அமெரிக்கர் இவ்விஷயத்தில் செய்துள்ள ஏற்பாட்டையும் நாம் கவனிக்க வேண்டும். 1938-இலேயே ஆன் ஆர்பர் நகரில் யூனிவர்ஸிட்டி மைக்ரோபிலிம்ஸ் என்ற கம்பெனி தோன்றி, பின்னர் ஆய்வேடுகளைப் படச்சுருளில் பிடித்துப் பாதுகாத்து விற்கலாயிற்று. இன்று புரோகுவெஸ்ட் என்னும் பெயரில் நடக்கும் அந்தப் பண்டகசாலையில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட ஆய்வேடுகளின் விவரம் இருக்கிறது. ஆனால் அதன் வாயில் சந்தா கட்டுவோருக்கே திறக்கும். பெரிய சர்வகலாசாலைகள் கட்டும். நாங்குநேரி வாசகசாலை கட்ட இயலாது.

நம் தேசம் திறந்த கதவு

இவ்விஷயத்தில் பாரத தேசம் செய்துள்ள காரியம் பெருமைக்குரியது. அதைச் சொல்லாமல் குறை மட்டும் கூறுவது நியாயமன்று. இந்தியச் சர்வகலாசாலைகளின் கூட்டுச் சபை 1925-இல் ஏற்பட்டது. 1857 முதல் 1970 வரை இந்தியாவில் டாக்டர் பட்டம் பெற்ற ஆய்வேடுகளின் பட்டியல் பல தொகுதிகளாக அதன் வழிவந்த சங்கத்தால் வெளியிடப்பட்டது. பட்டியல் கிடைத்தது, ஏடு கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க, 2009-ஆம் வருஷம் பல்கலைக்கழக மானியக் குழுவினர் ஒரு விதி செய்தனர். ஆய்வேட்டின் மின்பிரதியைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். 2016-ஆம் வருஷத்து விதிகளும் அக்கடமையை வற்புறுத்தின. குஜராத்திலுள்ள காந்திநகரில் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் அந்தக் களஞ்சியத்துக்கு ஷோத்கங்கா என்று பெயர். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆய்வேடுகள் அங்குச் சேர்ந்திருக்கின்றன. கட்டணம் இல்லை, சிபாரிசு வேண்டா, கைபேசி வைத்திருக்கும் எவரும் படிக்கலாம்.

விவசாய ஆய்வேடுகளுக்குத் தனியே கிருஷிகோஷ் என்னும் களஞ்சியத்தை இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்சில் ஏற்படுத்தியிருக்கிறது. வாழையின் வாடல் நோயையோ நெல்லின் புகையானையோ பற்றித் தேடுவோர் அங்கே முதலிற் செல்வது நலம். வைத்திய மேற்படிப்பு மாணவர் எழுதுபவை சென்னையிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில் உள்ளன. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து படுக்கும் நம் கிராமத்தாரின் வியாதிகளைப் பற்றி மேற்படிப்பு டாக்டர்கள் எழுதுபவையும் அங்கேயே தேடத்தக்கவை.

திறந்த களஞ்சியத்தால் மற்றொரு நன்மையும் உண்டு. பிறர் எழுதியதைத் திருடிப் பட்டம் வாங்கும் இழிதொழில் நம் நாட்டில் இல்லையென்று எவரும் சொல்லார். 2018-இல் மானியக் குழுவினர் அதற்கென்றே தனி விதிகள் வகுத்து, ஒற்றுமை நூற்றுக்குப் பத்துக்கு மேற்படின் தண்டனை உண்டு என்று படிப்படியாக விதித்தனர். விதி ஒரு காவலன். வாசகன் அதனினும் விழிப்பான காவலன். அலமாரியில் பூட்டிக் கிடக்கும் ஏட்டில் உள்ள திருட்டு வெளிப்படாது. ஊரார் படிக்கும் ஏட்டில் தம் ஊரைப் பற்றி ஒரு பொய்யெழுத்து இருந்தாலும் யாரேனும் ஒருவர் கேட்பார்.

தேடுவோர்க்குச் சில குறிப்புகள்

கதவு திறந்திருப்பதாலேயே பொருள் கைக்கு வந்துவிடாது. தேடும் முறை தெரிய வேண்டும். நம் ஜில்லாவைப் பற்றித் தேடும் அன்பர்கள் மனத்திற் கொள்ள வேண்டியவை சில.

முதலாவது, எந்தச் சர்வகலாசாலை என்பது. நம் பக்கத்துக் கல்லூரிகள் 1966 வரை சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்திருந்தன. அவ்வருஷம் மதுரையில் சர்வகலாசாலை ஏற்பட்டது. 1990-இல் திருநெல்வேலியிலேயே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றிற்று. ஆகையால் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் எழுதப்பட்ட ஏடு அதன் காலத்தைப் பொறுத்து மூன்று நகரங்களில் ஒன்றில் இருக்கும். தாமிரபரணிக் கரையில் மட்டும் தேடிவிட்டு இல்லையென்று முடிவு கட்டுவது அவசரம்.

இரண்டாவது, பெயர்கள். 1986-இல் தூத்துக்குடி தனி ஜில்லாவாயிற்று. 2019-இல் தென்காசி பிரிந்தது. அதற்கு முன் எழுதப்பட்டவை அவ்வூர்களையும் திருநெல்வேலி என்றே குறிக்கும். 1986-க்குப் பின் சுமார் பத்து வருஷங்கள் நம் ஜில்லாவுக்கு நெல்லை கட்டபொம்மன் ஜில்லா என்றும், தூத்துக்குடிக்குச் சிதம்பரனார் ஜில்லா என்றும் பெயர் வழங்கின. 1997-இல் அவை மாற்றப்பட்டன. அக்காலத்து ஏடுகளின் தலைப்பில் திருநெல்வேலி என்ற சொல்லே இராமல் போகலாம். ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயர் எழுதுவதிலோ ஒருவர் போல் ஒருவர் எழுதுவதில்லை. திருநெல்வேலியின் முதலெழுத்துக்குப் பின் 'எச்' சேர்ப்பாரும் உண்டு, சேர்க்காதாரும் உண்டு. வெள்ளைக்காரர் வழக்கப்படி 'டின்னவெலி' என்பாரும் உண்டு. ஒவ்வொன்றையும் இட்டுத் தேட வேண்டும். ஊர்ப் பெயரோடு நிற்காமல் குளம், அணை, ஆறு, பயிர், சமூகம், நோய் என்ற சொற்களையும் இட்டுத் தேட வேண்டும்.

மூன்றாவது, ஏட்டைப் படிக்கும் வரிசை. ஷோத்கங்காவில் ஓர் ஆய்வேடு முகப்பு, பொருளடக்கம், அத்தியாயங்கள், நூற்பட்டியல் என்று தனித்தனிக் கோப்புகளாகவே பெரும்பாலும் கிடைக்கும். பொருளடக்கத்தைப் பார்த்து, முடிவுரையைப் படித்து, வேண்டிய அட்டவணை உள்ள அத்தியாயத்துக்குச் சென்றால் போதும். நூற்பட்டியலைத் தவறவிடலாகாது. ஒரு நல்ல ஏட்டின் நூற்பட்டியல் அதே விஷயத்தில் முன் எழுதிய பத்துப் பேரின் விலாசத்தைத் தரும். வழிகாட்டிய ஆசிரியரின் பெயரைக் குறித்துக்கொண்டு, அவரிடம் பயின்ற மற்றவர்கள் என்ன எழுதினர் என்று தேடுவதும் பலன் தரும்.

நான்காவது, நம்பிக்கையின் அளவு. ஆய்வேடு வேதவாக்கன்று. அது கூண்டில் ஏறிய சாட்சியைப் போன்றது. எத்தனை பேரைக் கேட்டார், எந்த மாதத்தில் அளந்தார், யார் சொன்னதை எழுதினார் என்று குறுக்கு விசாரணை செய்த பின்னரே அதை நம் மனுவில் சேர்க்கலாம்.

சட்டத்தைப் பற்றி அஞ்சுவோர்க்கும் ஒரு வார்த்தை. ஆய்வேட்டின் பதிப்புரிமை பொதுவாக எழுதியவருடையது. ஆயினும் சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் உபயோகித்தலை 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. எழுதியவர் பெயரைச் சொல்லி, எடுத்த இடத்தைக் குறிப்பது நமது கடமை. அரசாங்கச் சர்வகலாசாலைகள் 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. தம் தாலூகாவைப் பற்றி எந்தெந்த ஆய்வேடுகளுக்குப் பட்டம் வழங்கப்பட்டது என்று கேட்க எந்தப் பிரஜைக்கும் உரிமை உண்டு.

இன்னும் உள்ள தடைகள்

களஞ்சியத்தில் உள்ளது எல்லாம் அன்று. 2009-க்கு முன் எழுதப்பட்டவற்றில் பல இன்னும் காகிதமாகவே இருக்கின்றன. அக்காகிதத்துக்குச் செல்லும் வயசாகிறது. தமிழில் எழுதப்பட்டவற்றின் நிலை பின்னும் பரிதாபம். படமாகப் பிடித்து ஏற்றியதாலோ, பழைய எழுத்துருவில் அச்சிட்டதாலோ பல ஏடுகளின் உள்ளே சொல்லைத் தேட முடிவதில்லை. தலைப்பை ஆங்கில எழுத்தில் பெயர்த்தவர் கைப்போக்கில் பெயர்த்திருக்கிறார். தமிழில் எழுதினால் எவருக்கும் எட்டாது, ஆங்கிலத்தில் எழுதினால் ஊராருக்கு விளங்காது என்ற நிலையில் ஆராய்ச்சியாளனை நிறுத்துவது தமிழுக்குச் செய்யும் மரியாதையன்று.

எம்.பில். ஏடுகளைப் பற்றி நாம் விசேஷமாகக் கவலைப்படுகிறோம். ஒரு கிராமம், ஒரு கோயில், ஒரு சந்தை, ஒரு குளம் என்று சிறிய எல்லையில் நுணுகிப் பார்த்தவை அவையே. களஞ்சியத்திலுள்ளவை மிகப் பெரும்பான்மையும் டாக்டர் பட்டத்து ஏடுகள். 2022-ஆம் வருஷத்து விதிகளால் எம்.பில். படிப்பே நிறுத்தப்பட்டுவிட்டது. நின்றுபோன படிப்பின் ஏடுகளுக்குக் கல்லூரி அலமாரிகளில் எத்தனை நாள் இடம் இருக்கும்? இடம் போதாதென்று ஒரு நாள் அவை எடைக்குப் போகுமானால், நம் கிராமங்களின் நாற்பது வருஷத்துச் சரித்திரம் மளிகைக் கடையில் பொட்டலமாகிவிடும்.

மின்பிரதி ஒன்றையே நம்பியிருப்பதும் விவேகமன்று. பிரிட்டிஷ் நூலகம் 2009 முதல் நடத்திவந்த ஆய்வேட்டுச் சேவை, 2023 அக்டோபரில் கம்ப்யூட்டர்க் கொள்ளையர் நடத்திய தாக்குதலால் முடங்கி, பல மாதங்கள் எவருக்கும் கிடைக்காமல் போயிற்று. செல்வம் மிகுந்த தேசத்துக்கே அக்கதி. ஒரு பிரதி காந்திநகரிலும், ஒரு பிரதி சர்வகலாசாலையிலும், ஒன்று ஜில்லா நூலகத்திலும் இருப்பதே க்ஷேமம்.

நாங்குநேரியார் ஒருவர் காட்டிய வழி

தண்ணீரினும் பெரிய விஷயம் ஒன்றும் இவ்வூரோடு சேர்ந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவன், உடன் படித்த பிள்ளைகளால், ஜாதித் துவேஷத்தின் பொருட்டு, தன் வீட்டிலேயே வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றாள். நாடு வெட்கித் தலைகுனிந்தது. ராஜாங்கத்தார் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களை விசாரிக்க நியமித்தனர். 2024 ஜூனில் அவர் அறிக்கை அளித்தார். அறிக்கை வரும் வரை மேடைதோறும் பேச்சு நடந்தது. நம் தெற்கு ஜில்லாப் பள்ளிகளில் ஜாதி எவ்வாறு நுழைகிறது, எந்த வயதில், எந்த வழியாக என்பதைப் பற்றிக் கல்வித் துறையிலும் சமூகவியலிலும் மனோதத்துவத்திலும் என்னென்ன எழுதப்பட்டிருக்கின்றன என்று அம்மேடைகளில் ஏறியவருள் எத்தனை பேர் தேடிப் பார்த்தனர்? வைத்தியன் முன் வைத்தியனின் சீட்டைப் பாராமல் மருந்து கொடுப்பதில்லை. தேசத்தின் வியாதிக்கு மருந்து சொல்லுவோர் மட்டும் ஏன் பாராமல் சொல்ல வேண்டும்?

ஆராய்ச்சி சர்வகலாசாலை மதிலுக்குள் அடைபட வேண்டியதன்று என்பதை இதே நாங்குநேரியில் 1917-இல் பிறந்த ஒருவர் நடத்திக் காட்டியிருக்கிறார். அவர் நா. வானமாமலை. கிராமத்துப் பாடகர்கள் வாயிலிருந்து நாட்டுப் பாடல்களையும் கதைப்பாடல்களையும் திரட்டினார். அவர் பதிப்பித்த கதைப்பாடல்களை மதுரைச் சர்வகலாசாலையே வெளியிட்டது. நெல்லை ஆய்வுக்குழு என்னும் சபையைக் கூட்டி, அங்கத்தினரைக் கட்டுரை எழுதச் செய்து, கூட்டத்தில் வாசிக்கச் செய்து, விவாதிக்கச் செய்தார். 1969-இல் ஆராய்ச்சி என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். 1980-இல் காலமாகும் வரை அவ்வேலையை விடவில்லை. அவருடைய அரசியல் கொள்கையை ஏற்பாரும் மறுப்பாரும் இருக்கலாம். ஆராய்ச்சியை ஊராரின் கூட்டத்துக்குக் கொண்டுவந்த அவருடைய முறையை மறுப்பார் இலர்.

அம்முறையை இன்று மறுபடி கையாளுவது முன்னைவிட எளிது. நாம் கூறும் யோசனை பெரிய செலவுடையதன்று. நாங்குநேரியிலுள்ள நூலகத்தில் நான்கு அன்பர்கள் கூடட்டும்: ஓர் ஆசிரியர், ஒரு வக்கீல், கம்ப்யூட்டர் பழகிய ஒரு மாணவர், குளத்தையும் மடையையும் அறிந்த ஒரு பெரியவர். இத்தாலூகாவைப் பற்றிய ஆய்வேடுகள் யாவற்றையும் மேற்சொன்ன களஞ்சியங்களில் தேடி, தலைப்பு, எழுதியவர், வருஷம், சர்வகலாசாலை, விஷயம் இன்னதென்று தமிழில் நாலு வரி என்ற கணக்கில் ஒரு பட்டியல் எழுதட்டும். கிடைக்காதவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்கட்டும். பட்டியலின் பிரதியொன்று நூலகத்திலும், ஒன்று தாலூகா ஆபீஸிலும், ஒன்று ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் இருக்கட்டும். மாதம் ஒரு நாள் ஓர் ஏட்டை எடுத்து, அதன் முடிவுகளை ஊரார் கேட்கத் தமிழில் சொல்லட்டும். எழுதியவர் அருகில் இருந்தால் அவரையே அழைக்கட்டும். தாம் எழுதியதை நாலு பேர் படித்தார்கள் என்பதைவிட மகிழ்ச்சி தருவது ஆராய்ச்சியாளனுக்கு வேறில்லை.

சர்வகலாசாலையாருக்கும் ராஜாங்கத்தாருக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள்கள் மூன்று. பழைய ஏடுகளையும் எம்.பில். ஏடுகளையும் ஒன்று விடாமல் மின்பிரதி எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் பத்துப் பக்கத்துக்குக் குறையாத தமிழ்ச் சுருக்கம் கட்டாயமாக்கப்பட வேண்டும். எந்தத் தாலூகாவில் ஆராய்ச்சி நடந்ததோ அந்தத் தாலூகா நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். 1948-இல் சென்னை ராஜ்யத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறிய காலத்திலிருந்து ஜனங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகின்றனர். அவர்கள் புதிதாக எதையும் யாசிக்கவில்லை. தம் பணத்தில் வாங்கியதைக் கேட்கின்றனர்.

தேசத் தொண்டில் ஈடுபட்டிருக்கும் இளைஞர்களுக்கு நாம் கூறுவதும் இதுவே. அடுத்த முறை ஒரு மனு எழுதுமுன், ஒரு தீர்மானம் கொண்டுவருமுன், ஒரு மேடை ஏறுமுன், ஒரு மணி நேரம் தேடுங்கள். உங்கள் ஊரைப் பற்றி முன்னரே உழைத்த ஒருவர் எங்கோ இருப்பார். நாங்குநேரித் தாலூகாவின் பட்டியலை எவரேனும் தொகுத்து அனுப்பினால், அது எத்தனை நீளமாயினும் இப்பத்திரிகையில் பிரசுரிக்க நாம் சித்தமாயிருக்கிறோம்.